கோட்டுக்கு வெளியே: வாசகர் கேள்விகளும் ஒரு பழைய பி.டி. சேரின் பதில்களும்

சென்ற மாதம் கெண்டைக்கால் பிடிப்பு பற்றி எழுதினேன். அதில் சந்தேகம் கேட்டு நாலு கடிதமாவது வரும் என்று பார்த்தால், வந்ததெல்லாம் வேறு விடயம். எல்லே (தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற நம் ஊர் விளையாட்டு), மென்பந்துக் கிரிக்கெட், கால்பந்து என்று விளையாட்டுத்தான் மாறுகிறதே தவிர முறைப்பாடு ஒன்றுதான்: பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பெற்றோர் விடுகிறார்களில்லை. பாடசாலைகளின் கல்வி வலய மட்டப் போட்டிகளின் சூடு இன்னும் ஆறவில்லை போலும். சரி, இந்த மாதம் முழுக்க அதற்கே.

கேள்வி: எனது மகளுக்கு 12 வயது. பாடசாலை எல்லே அணியில் இருக்கிறாள். கணவர் இளம் வயதில் கிரிக்கெட் விளையாடியவர். மகளுக்குப் போட்டி என்றால் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். வந்தால் சும்மா நிற்கமாட்டார். கோட்டோரமாக அவளோடு சேர்ந்து ஓடிக்கொண்டே "ஓடு புள்ள, நில்லாத, ஓடு" என்று கத்துவார். கடைசிப் போட்டியில் நடுவரோடு வாய்த்தர்க்கப்பட்டு, பத்து நிமிடம் விளையாட்டே நின்றுபோனது. அன்று இரவு மகள் "அப்பா வந்தா நான் விளையாடமாட்டன்" என்று சொல்லிவிட்டாள். அவரிடம் சொன்னால், "அவளுக்காகத்தானே கத்துறன்" என்கிறார். என்ன செய்வது?
பெயர் வேண்டாம், பட்டிருப்பு வலயம்

பதில்: தங்கச்சி, உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. அவளுக்காகத்தான் கத்துகிறார். கெட்ட எண்ணத்தோடு கத்துகிற ஆளை மைதானத்தை விட்டு அனுப்பிவிடலாம். பாசத்தில் கத்துகிற ஆளை என்ன செய்வது? அங்கேதான் உங்களுக்குச் சிக்கல்.

முதலில், உங்கள் மகள் அந்தக் கோட்டுக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று அவருக்கு விளங்க வேண்டும். கிரிக்கெட் விளையாடியவருக்கு எல்லே தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் கணக்கு வேறு. அடிப்பவளுக்கு மூன்று பந்து. தடியில் பட்டதும் ஓட வேண்டும். ஓடத் தொடங்கியதும் பந்து அவளுடைய முதுகுக்குப் பின்னால் எங்கோ போய்விடும். களத்தில் நிற்பவள் அதைப் பொறுக்கி எறிந்து, ஓடுகிறவளின் உடம்பில் பட்டால் அவுட். வழியில் இருக்கிற நிறுத்தம் ஒன்றில் போய் நின்றுவிட்டால் தப்பலாம். நிற்பதா, அடுத்ததற்கு ஓடுவதா? கிறுகிப் பார்த்தால் வேகம் செத்துவிடும். ஆகவே அவள் காதை நம்பித்தான் ஓடுகிறாள். பந்து எங்கே என்று பார்த்துச் சொல்ல அணிப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் "நில்" என்கிறார்கள். அப்பா "ஓடு" என்கிறார். 12 வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் குரல்தான் முதலில் கேட்கும், பிறந்ததிலிருந்து கேட்ட குரல் அது. ஒரு கால் முன்னே போகும், மற்றது தயங்கும். அந்த நேரத்தில் முதுகில் பந்து விழும். பிறகு அதே அப்பா, "ஓடச் சொன்னன், ஏன் நிண்ட?" என்று கேட்பார். 31 வருடத்தில் இதை எத்தனை மைதானத்தில் பார்த்திருப்பேன்!

"இதைச் சொல்ல இவர் யார்?" என்று உங்கள் கணவர் கேட்டால், அவரைப் போல ஒரு அப்பன்தான் என்று சொல்லுங்கள்.

2003ஆம் ஆண்டு, சமாதான காலம். வீதிகள் திறந்து, பிள்ளைகளைப் பயமில்லாமல் வேறு ஊருக்குக் கூட்டிப்போய் விளையாட வைக்க முடிந்த நேரம். என் மகனுக்கு 14 வயது, துடுப்பாட்டக்காரன். நான் வேறொரு பாடசாலையில் ஆசிரியர், அவனுடைய போட்டிக்காக லீவு போட்டேன். அவனுடைய கன்வஸ் சப்பாத்துக்கு நானே வெள்ளை பூசி, விடியவே கிணற்றுக் கட்டில் காய வைத்தேன். அவன் இறங்கினான், மூன்றாவது பந்தில் எல்.பி.டபிள்யூ. எனக்கு அது காலுக்கு வெளியே போன பந்தாகத் தெரிந்தது. நான் நின்றது ஃபைன் லெக் எல்லைக்கு வெளியே, ஒரு வேப்பமரத்தடியில். அந்த இடத்தில் நின்று எல்.பி.டபிள்யூ. பார்க்க மாமாங்கேஸ்வரராலும் முடியாது. ஆனாலும் கத்தினேன். முதலில் நடுவருக்கு, பிறகு பயிற்றுவிப்பாளருக்கு, கடைசியில் காலை நீட்டியதற்கு மகனுக்கு.

அவன் வந்து மட்டையை மரத்தில் சாத்திவிட்டுக் கீழே இருந்தான். சப்பாத்தைக் கழற்றினான். நாடாவை அவிழ்த்து இழுத்துவிடவில்லை, ஒவ்வொரு துளையாக உருவினான். ஒரு சப்பாத்து முடிந்ததும் மற்றது. தலையை நிமிர்த்தவே இல்லை. அடுத்த வாரம் பயிற்சிக்குப் போகவில்லை. "பாடம் கூடப் போச்சு" என்றான், நானும் நம்பினேன். போன வருடம் அவனுடைய பிள்ளைக்குப் பந்து வாங்கப் போன கடையில் நின்றுதான் வாயைத் திறந்தான்: "அப்பா, அண்டைக்கு அது சுத்தமான அவுட். எனக்கே தெரியும். நீங்க கத்தினதுதான் வெக்கம்." பந்து 150 ரூபாயோ 200 ரூபாயோ, நான் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அது கிடக்கட்டும், உங்கள் விடயத்துக்கு வருவோம். அவரை வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். சொன்னால் மதிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் ஏறி நின்று பார்ப்பார், அது இன்னும் மோசம். போட்டியன்று பேசவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து, கடை பூட்டி வந்து சாப்பிட்டு முடித்த நேரம் பாருங்கள். பேச்சை நீங்கள் பேசாமல் மகள் பேசட்டும், அதுவும் முறைப்பாடாக வேண்டாம், வேலை கொடுப்பதாக இருக்கட்டும். "அப்பா, நான் ஓடேக்க நீங்க ஒண்டும் சொல்லாதீங்க. சுற்று முடிஞ்சு வந்தா மட்டும் கை தட்டுங்க" என்று அவள் கேட்டால் மறுக்கிற அப்பன் குறைவு. நிற்க ஓர் இடத்தையும் அவளே காட்டட்டும், தடி பிடிக்கிற இடத்துக்குப் பின்பக்கமாக. அங்கே நின்றால் அவளோடு ஓட முடியாது. அணிக்குத் தண்ணீர்க் கானைத் தூக்கி வருகிற பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

நடுவர் விடயம் ஒன்று. வலயப் போட்டியில் நடுவராக நிற்பவர் பெரும்பாலும் என்னைப் போல ஒரு ஆசிரியர். காலையிலிருந்து வெயிலில், ஒரு பணிசும் பிளேன்ரீயும்தான் வயிற்றில். தவறே விட்டாலும் ஆட்சேபனை சொல்ல வேண்டியவர் அணியின் பொறுப்பாசிரியர், அதற்கென்று முறை இருக்கிறது. பொறுப்பாசிரியர் வாயைத் திறக்கும் முன் அப்பா ஒருவர் உள்ளே புகுந்துவிட்டால், நியாயமான ஆட்சேபனைகூட எடுபடாமல் போய்விடும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கண்ணகி அம்மன் பேரில் நம்மவர்கள் கொம்புமுறி விளையாடினார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த மரக் கொம்புகளைக் கொளுவி, கயிறு கட்டி இழுக்கும். கொம்பு முறிந்த சேரிக்குத் தோல்வி, கூடவே வசைப் பாட்டு. எவ்வளவு கத்தினாலும் கயிற்றைப் பிடித்தது பெரியவர்கள், வசை வாங்கியதும் பெரியவர்கள். இப்போது கயிற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டு, வசையை மட்டும் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் கணவருக்குக் கத்த ஆசை என்றால் ஊரில் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு மென்பந்துப் போட்டி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அம்பயராக நான் வருகிறேன்.

கேள்வி: கத்தாவிட்டால் பிள்ளைக்கு எப்படி ரோசம் வரும்? எங்கட காலத்தில் அடித்துத்தான் சொல்லித் தந்தார்கள். நாங்கள் கெட்டா போய்விட்டோம்?
ஒரு தகப்பன், செங்கலடி

பதில்: உங்கள் காலத்தில் உங்களோடு அணியில் 11 பேர் விளையாடியிருப்பார்கள். 20 வயதுக்குப் பிறகும் அதில் எத்தனை பேர் விளையாடினார்கள் என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நான் ஆரையம்பதியில் பிறந்தவள், இப்போது கனடாவில். மகள் சிறுமியர் சொப்ட்போல் அணியில் விளையாடுகிறாள். பெற்றோர் மடக்குக் கதிரையும் கோப்பியுமாக வந்து குந்திவிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் சத்தம். சென்ற கிழமை நடுவராக நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றை அழ வைத்துவிட்டார்கள். இவ்வளவு வளர்ந்த நாட்டிலும் இப்படியா? எனக்கு அந்த விளையாட்டும் சரியாக விளங்குவதில்லை, எதைப் பார்த்துக் கை தட்டுவது என்றும் தெரியவில்லை.

பதில்: நீங்கள் எழுதியதைப் படித்ததும் இங்கே ஆட்கள் குழம்பிவிடுவார்கள். மட்டக்களப்பில் சொப்ட்போல் என்றால் மென்பந்துக் கிரிக்கெட். அங்கே அது பேஸ்போலின் தங்கச்சி, நம் எல்லேக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்றும் சொல்லலாம். பெயரில்தான் மென்மை, இப்போது விளையாடுகிற பந்து நல்ல கெட்டி. எறிபவள் கையைக் கீழிருந்து சுழற்றி விடுவாள். பேஸ்போலில் ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கு 90 அடி, சொப்ட்போலில் 60 அடிதான். ஓட்டம் குறுகியது, அதனால் ஓடுவதா நிற்பதா என்ற முடிவையும் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்தாக வேண்டும். அதற்காகவே முதலாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் பக்கத்தில் அடிக்கிற அணியின் ஆள் ஒவ்வொருவர் நிற்பார். ஓடுகிற பிள்ளைக்குச் சொல்கிற வேலை அந்த இரண்டு பேருக்கும் உரியது. மடக்குக் கதிரைக்காரர்கள் மூன்றாவது வாய். மேலே பட்டிருப்புத் தங்கச்சிக்கு எழுதியதை நீங்களும் ஒருமுறை வாசியுங்கள், அதே கதைதான்.

அந்த விளையாட்டு பிறந்த விதம் எனக்கு நல்ல பிடித்தம். 1887இல் சிகாகோவில் ஒரு படகுக் கழகத்தில், வேறெங்கோ நடந்த பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் முடிவைக் கேட்க ஆட்கள் கூடியிருந்தார்கள். முடிவு தெரிந்த சந்தோசத்தில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதைத் தடியால் அடித்தார். ஜோர்ஜ் ஹன்கொக் என்பவர் அதைப் பார்த்துவிட்டு, கையுறையைப் பந்து மாதிரிச் சுற்றிக் கட்டச் சொல்லி, கட்டடத்துக்குள்ளேயே விளையாடத் தொடங்கிவிட்டார். அதாவது, பார்வையாளர்கள் கை சும்மா இருக்க முடியாமல் தாங்களே எழும்பி விளையாடியதில் வந்த விளையாட்டு. உங்கள் மகளின் மைதானத்துக் கதிரைக்காரர்களுக்கு இதை யாராவது சொன்னால் நல்லது.

வளர்ந்த நாடு, வளராத நாடு என்று இதில் ஒன்றும் இல்லை. 1999இல் ஒஹையோ மாநிலத்தில் சிறுமியர் கால்பந்து லீக் ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெற்றோரோ பயிற்றுவிப்பாளரோ வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி ஒரு மௌன ஞாயிறு வைத்துப் பார்த்தது. 2023இல் நியூ ஜெர்சியில் டெப்ட்ஃபர்ட் என்ற ஊரின் லிட்டில் லீக், அதாவது சிறுவர் பேஸ்போல் லீக், இன்னும் ஒரு படி மேலே போனது. நடுவரை ஏசுகிற பெற்றோர், தாங்களே மூன்று போட்டிக்கு நடுவராக நின்ற பிறகுதான் திரும்பப் பார்க்க வரலாம் என்றது. இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால் வலயத்துக்கு நடுவர் பஞ்சமே இருக்காது. மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளாரும் அமெரிக்காவில் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்தவர்தான். அங்கிருந்து நல்லதை எடுத்துப் பழகிய ஊர் நம்முடையது, இதையும் எடுக்கலாம்.

கை தட்டுவதற்குக் கணக்குத் தேவையில்லை, மகளே. எல்லோரும் கை தட்டும்போது நீங்களும் தட்டுங்கள், போதும். விளையாட்டு விளங்காத அம்மாதான் மைதானத்தில் ஆகச் சிறந்த அம்மா. அழுத அந்த நடுவர்ப் பிள்ளைக்கு அடுத்த முறை போகும்போது ஒரு பிஸ்கட் பக்கற் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: நான் புதிதாக நியமனம் பெற்ற உடற்கல்வி ஆசிரியர். 13 வயதுக்குட்பட்ட மென்பந்து அணியைப் பார்க்கிறேன். இரவு 10 மணிக்கும் பெற்றோர் தொலைபேசி எடுக்கிறார்கள். ஒருவர் துடுப்பாட்ட வரிசையையே எழுதிக்கொண்டு வந்து தந்தார், அவருடைய மகன் முதலாவது. "இவனுக்குச் சான்றிதழ் கட்டாயம் வேணும் சேர்" என்கிறார். எப்படிச் சமாளிப்பது?
வவுணதீவுப் பக்கம்

பதில்: தம்பி, சான்றிதழ் என்று வந்துவிட்டால் அது விளையாட்டுக் கதை இல்லை, வயிற்றுக் கதை. அதைக் கொஞ்சம் இரக்கத்தோடு பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுத் திறமைக்கென்று சிறு ஒதுக்கீடு இருப்பது உண்மை. படுவான்கரையில் தோட்டம் செய்கிற ஒரு தகப்பனுக்கு அந்தச் சிறு கதவுகூடப் பெரிய வாசல்தான். ஆனால் அது உயர்தரம் எடுத்த பிறகு, தேசிய மட்டத்தில் சாதித்தவர்கள் தட்டுகிற கதவு. 13 வயதில் கோட்ட மட்டத்தில் முதலாவதாக இறங்கினால் திறக்காது. இதை அவரைத் தனியே கூப்பிட்டு, இருத்தி, தேத்தண்ணி கொடுத்துச் சொல்லுங்கள்.

மற்றபடி, பருவம் தொடங்குவதற்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் பேசுங்கள், போட்டி தொடங்கிய பிறகு பேசி வேலையில்லை. எல்லாப் பிள்ளையும் இறங்கும், வரிசை மாறி மாறி வரும், தொலைபேசி இரவு 7 மணி வரைதான். மைதானத்தில் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் ஒரு பத்து அடி தள்ளி இன்னொரு கயிறு கட்டுங்கள், பெற்றோர் அதற்குப் பின்னால். கயிறு என்று ஒன்று இருந்தால் ஆட்கள் மதிப்பார்கள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டுகிறவர்கூடக் கயிற்றைத் தாண்டக் கூச்சப்படுவார், ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கூட வாய் உள்ள தகப்பனைப் பார்த்து ஸ்கோர் புத்தகத்தைக் கொடுங்கள். நான் செய்து பார்த்தது. பந்துக்குப் பந்து புள்ளி வைக்கிறவருக்குத் தலை நிமிர்த்த நேரம் இல்லை. ஒரு முறை, மைதானமே நடுங்கக் கத்துகிற ஒரு மீன் வியாபாரியிடம் கொடுத்தேன். மூன்றாவது ஓவரில் அவரே சனத்தைப் பார்த்து "சத்தம் போடாதீங்க, கணக்குப் பிழைக்குது" என்றார்.

கேள்வி: சேர், எனக்கு 11 வயது. கிரிக்கெட் விளையாடுகிறேன். மெச் முடிந்து அப்பாவுடைய மோட்டார் சைக்கிளில்தான் வீட்டுக்குப் போவேன். வழி முழுக்க நான் விட்ட பிழையைச் சொல்லிக்கொண்டு வருவார். பின்னால் இருந்து கேட்க வேண்டும். கல்லடிப் பாலத்தில் காற்றுக்குக் கேட்காது, பாலம் முடிந்ததும் திரும்பத் தொடங்குவார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, இந்த மாதம் வந்த கடிதங்களில் உன்னுடையதைத்தான் இரண்டு தரம் வாசித்தேன். பழைய பாலத்தால் போகச் சொல்லலாமா என்றும் யோசித்தேன், அதில் மெதுவாகப் போக வேண்டி வரும், பேச்சும் நீளும்.

இப்படிச் செய். ஏறும் முன்பே சொல்: "அப்பா, வீட்ட போய்க் குளிச்சிட்டு வாறன், மறுகா சொல்லுங்க." குளித்துச் சாப்பிட்டு முடியும்போது அப்பாவுக்குப் பத்துப் பிழையில் ஏழு மறந்துபோயிருக்கும். மிச்சம் மூன்றும் உண்மையாகவே உனக்கு உதவுகிறதாக இருக்கலாம், கேட்டுக்கொள். பைக்கில் நீயே கதையைத் தொடங்குவதும் நல்லது. வாவியில் வலை வீசுகிறவர்களைக் காட்டு, பசிக்கிறது என்று சொல், கச்சான் வாங்கித் தரச் சொல். வாயில் கச்சான் இருந்தால் அப்பாவும் கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

இந்தப் பக்கத்தை வெட்டி அப்பாவின் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. அப்பாவுக்கு ஒரு வரி: ஐயா, அவன் தன்னுடைய பிழையை உங்களுக்கு முன்பே எண்ணி முடித்துவிட்டான். நீங்கள் மோட்டார் சைக்கிளை ஓட்டுங்கள்.

கேள்வி: தம்பி, நான் படிக்காதவள், பேத்தி எழுதித் தருகிறாள். பேரன் விளையாடினால் நான் வேலியோரம் நின்று அம்மாளைக் கும்பிட்டுக்கொண்டே இருப்பேன். மருமகன் "சும்மா இருங்க மாமி, உங்களாலதான் அவனுக்குப் பதட்டம்" என்கிறார். கும்பிடுவதும் பிழையா? அவன் வென்றால் மைதானத்திலேயே தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருக்கிறேன்.

பதில்: பிழையே இல்லை ஆச்சி. வாய்க்குள்ளே கும்பிடுங்கள். தேங்காயை மட்டும் கோயிலில் உடையுங்கள், மைதானத்தில் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள், சிரட்டை குத்தும்.